மழையில் வழுக்கும் சக்கரமும் ஒரு பிடி மணலும்

மாணவர்களே, ஓடும் ரயில் எஞ்சினின் முன்பக்கச் சட்டத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறீர்களா? விளையாட்டுக்காக அல்ல, அதுதான் அவர்களுடைய வேலை. மழைத் தூறலில் அவர்கள் கையை நிறுத்திவிட்டால், அந்த ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிடக்கூடும்.

இந்தக் காட்சியைக் காண இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்திலுள்ள டார்ஜிலிங்குக்குப் போக வேண்டும். இமயமலைச் சரிவில், 1879இல் தொடங்கி 1881இல் கட்டி முடிக்கப்பட்ட குறுகிய ரயில்பாதை அது. இன்று சமவெளியிலுள்ள நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜிலிங் வரை ஏறத்தாழ 88 கிலோமீட்டர் ஓடுகிறது. 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளூரிலும் வெளியூரிலும் இதன் செல்லப் பெயர் ‘பொம்மை ரயில்’.

புகைப்படம் எடுக்கிறவர்கள் நவம்பரில் போவார்கள். அப்போது வானம் தெளிந்து கஞ்சன்ஜங்கா சிகரம் வெள்ளி போல் தெரியும். இயற்பியல் படிக்கிற நீங்கள் ஜூலையில் போங்கள். சிகரம் தெரியாது, சட்டைக் காலர் ஈரமாகவே இருக்கும். ஆனால் வெயில் நாளில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பல விஷயங்கள் மழையில்தான் வெளியே வரும்.

டார்ஜிலிங் நிலையத்திலிருந்து கும் என்ற ஊர் வரை சென்று திரும்பும் சுற்றுலா ரயிலில் ஏறிக்கொள்வோம். போய்வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும்.

புறப்படுவதற்கு முன் எஞ்சினைக் கொஞ்சம் கவனியுங்கள். நீல வண்ணம் பூசிய சிறிய எஞ்சின், அதற்கு நான்கே சக்கரங்கள். ‘பி’ வகை என்று பெயர். இந்த வகையின் முதல் எஞ்சின்களை 1889இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் கட்டியது. அந்த வடிவமைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினைச் சுற்றி வெண்மேகம் பொங்குகிறது. “எவ்வளவு நீராவி!” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். நீங்கள் திருத்தலாம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நீராவி பீறிட்டு வரும் துளைக்கு மிக அருகில் பாருங்கள், சில சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அந்த வெற்றிடம் போன்ற இடத்தில்தான் உண்மையான நீராவி இருக்கிறது. குளிர்ந்த காற்றைத் தொட்டதும் அது நுண்ணிய நீர்த்துளிகளாகச் சுருங்கி வெண்மையாகத் தெரிகிறது. மழை நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அந்தத் துளிகள் சீக்கிரம் ஆவியாகிக் கலைவதில்லை. ஆகவே மழையில் எஞ்சின் அதிகம் உழைப்பதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிறது. வெளிவரும் நீராவி அதே அளவுதான்.

இரண்டடிப் பாதை ஏன்?

தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தை உங்கள் பள்ளி அடிக்கோலால் அளந்தால் 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி. மலேசியாவின் கேடிஎம் பாதை 1,000 மி.மீ. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஓடும் எம்ஆர்டி பாதை 1,435 மி.மீ. அவற்றோடு ஒப்பிட்டால் இது பொம்மைதான்.

செலவைக் குறைக்க இப்படிக் கட்டினார்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் வளைவில் இருக்கிறது. மலையை ஒட்டிப் போகும் பழைய வண்டிச்சாலையின் ஓரமாகவே இந்தப் பாதையைப் போட்டார்கள். சாலை திரும்பும் இடத்திலெல்லாம் ரயிலும் திரும்ப வேண்டும். ‘அகனி பாயின்ட்’ என்ற இடத்தில் வளைவின் ஆரம் 18 மீட்டர்தான். ஒரு பேருந்து திரும்புவதற்கே கொஞ்சம் யோசிக்கும் வளைவு அது.

ரயிலின் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. காரில் இருப்பதுபோல ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளமானது, உள் தண்டவாளம் குட்டையானது. 18 மீட்டர் ஆரமுள்ள அரை வட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டடிப் பாதையில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 1.9 மீட்டர் அதிகம் போக வேண்டும். எம்ஆர்டியின் அகலத்தில் அதே வளைவைப் போட்டால் வேறுபாடு 4.5 மீட்டர். அகலத்தை π ஆல் பெருக்கினால் போதும், விடை வந்துவிடும். ஆரம் கணக்கிலேயே வராமல் போவதைக் கவனித்தீர்களா? ஏன் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

இந்த வேறுபாட்டைச் சமாளிக்க ரயில் சக்கரங்களை லேசான கூம்பு வடிவில் செய்வார்கள். வளைவில் அச்சு சற்று வெளிப்பக்கம் நகரும். அப்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். ஆனால் இந்த உபாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் சக்கரம் உருளாமல் தண்டவாளத்தில் தேய்ந்து நகரத்தான் வேண்டும். இறுக்கமான வளைவுகளில் கேட்கும் ‘கீச்ச்’ ஒலி அந்தத் தேய்மானத்தின் ஒலி. பாதை குறுகும்போது தேய்மானமும் குறைகிறது.

பிடி எங்கே இருக்கிறது?

ரயில் நகர்கிறது. கடைகளின் வாசற்படியை உரசுவதுபோல் போகிறது. தூறல் தொடங்கிவிட்டது. திடீரென்று எஞ்சினின் ‘சக்… சக்… சக்’ தாளம் தப்பி, ‘சகசகசகசக’ என்று ஓடுகிறது. சக்கரங்கள் வேகமாகச் சுழல்கின்றன, ரயிலோ அதே இடத்தில் தள்ளாடுகிறது. ஓட்டுநர் நீராவிக் கைப்பிடியைச் சட்டென்று மூடுகிறார். முன்னால் இருப்பவர்களின் கை வேகமாகிறது. மெல்ல மெல்லத் தாளம் திரும்புகிறது.

என்ன நடந்தது என்று எண்களோடு பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினின் எடை நீரும் நிலக்கரியும் சேர்த்துச் சுமார் 15 டன். நான்கு சக்கரங்களும் இயக்கச் சக்கரங்களே என்பதால் முழு எடையும் அவற்றின் மீதுதான். ஆகவே தண்டவாளத்தை 150 கிலோ நியூட்டன் விசையோடு அழுத்துகின்றன. கொதிகலனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் 279 மி.மீ. விட்டமுள்ள ஒவ்வொரு பிஸ்டனையும் நீராவி ஏறக்குறைய 6 டன் எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது. தண்டுகள், சக்கரத்தின் ஆரம் எல்லாவற்றையும் கணக்கிட்டால், இந்த எஞ்சின் அதிகபட்சம் 34 கிலோ நியூட்டன் விசையோடு இழுக்க வல்லது.

இழுக்க வல்லது என்பது வேறு, இழுப்பது என்பது வேறு. சக்கரம் தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது, தண்டவாளம் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இந்தத் தள்ளுதல் முழுவதும் உராய்வின் மூலம்தான் கடத்தப்படுகிறது. உராய்வு தரக்கூடிய அளவுக்கு மேல் ஒரு நியூட்டன்கூடக் கிடைக்காது.

உராய்வின் உச்ச அளவைக் கண்டுபிடிக்க, அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்க வேண்டும். எஃகின் மீது எஃகு, நன்றாக உலர்ந்திருந்தால் குணகம் சுமார் 0.3. அப்படியானால் கிடைக்கும் பிடி 45 கிலோ நியூட்டன். எஞ்சின் தரும் 34ஐவிட அதிகம், எனவே சக்கரம் வழுக்காது. தண்டவாளம் நனைந்தால் குணகம் 0.15 அளவுக்கு இறங்கும். பிடி பாதியாகி 22.5. ஓட்டுநர் அவசரப்பட்டு நீராவியை முழுதாகத் திறந்தால் சக்கரம் சுற்றிவிடும்.

இனி ரயிலுக்கு எவ்வளவு விசை தேவை என்று பார்ப்போம். டார்ஜிலிங் நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,076 மீட்டர் உயரத்தில் உள்ளது. கும் நிலையம் 2,258 மீட்டர். ஆறு, ஏழு கிலோமீட்டருக்குள் 180 மீட்டருக்குமேல் ஏற வேண்டும். சில இடங்களில் ஏற்றம் சராசரியைவிடக் கடுமை. 30 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் இடம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 15 டன், பெட்டிகளும் பயணிகளும் சேர்த்து 20 டன், மொத்தம் 35 டன். எடை 350 கிலோ நியூட்டன். அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 12 கிலோ நியூட்டன், ரயிலைப் பின்னோக்கி இழுக்கிறது. வளைவின் தேய்மானத்துக்கும் மற்றத் தடைகளுக்கும் ஒரு 3 சேர்த்தால் 15.

நனைந்த தண்டவாளத்தில் 22.5 இருக்கிறது, தேவை 15தான். பிறகு ஏன் வழுக்கியது?

ஒரு காரணம், நீராவி எஞ்சின் சீராக இழுப்பதில்லை. பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வருவதால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் விசை கூடிக் குறைகிறது. சராசரி 15 ஆக இருந்தாலும் உச்சம் அதைத் தாண்டும். அந்த ஒரு நொடியில் வழுக்கத் தொடங்கினால் போதும். அசையாமல் கிடக்கும் அலமாரியைத் தள்ளத் தொடங்குவது கடினம், நகர ஆரம்பித்துவிட்டால் எளிது அல்லவா? சக்கரத்துக்கும் அதுதான். நிலை உராய்வு போய் இயக்க உராய்வு வந்ததும் பிடி இன்னும் குறைந்து, சக்கரம் கட்டுமீறிச் சுற்றுகிறது. அதனால்தான் ஓட்டுநர் முதலில் நீராவியை மூடினார்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. அன்று பெய்தது தூறல். கொட்டும் மழையைவிடத் தூறல் ஆபத்தானது. தண்டவாளத்தின் மேல் எப்போதும் துரு, தூசி, எண்ணெய், நசுங்கிய இலைச்சாறு எல்லாம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். கனமழை இவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலோ அவற்றைக் குழைத்துப் பசையாக்கிவிடும். மோட்டார் சைக்கிள் ஓட்டும் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் சாலை அதிகம் வழுக்கும் என்பார். அத்தகைய பசை படிந்த தண்டவாளத்தில் குணகம் 0.08க்குக்கூட இறங்கலாம். 150ஐ 0.08ஆல் பெருக்கினால் 12. தேவை 15. மூன்று கிலோ நியூட்டன் குறைகிறது. கொதிகலனில் எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் இந்த மூன்று கிடைக்காது.

மணல் என்ன செய்கிறது?

உலர்ந்த மணல்துகள் சக்கரத்துக்குக் கீழே அகப்பட்டதும் நொறுங்குகிறது. அதன் கூர்மையான துணுக்குகள் பசைப் படலத்தைக் குத்திக் கிழித்து, மேலே சக்கரத்தையும் கீழே தண்டவாளத்தையும் பற்றிக்கொள்கின்றன. குணகம் 0.25 அளவுக்கு உயர்ந்தால் பிடி 37.5 கிலோ நியூட்டன். எஞ்சினின் முழு விசையையும் இப்போது சக்கரம் தாங்கும். ஒரு பிடி மணலின் வேலை இது.

ஆனால் மணல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமணல் கட்டியாகும், சீராக விழாது. மழையில் உட்கார்ந்துகொண்டு மணலை மட்டும் நனையாமல் காப்பது எளிதல்ல. தேவைக்கு மேல் கொட்டவும் கூடாது. மணல் கிடந்தால் பின்னால் வரும் பெட்டிகளின் சக்கரங்களுக்குத் தடை கூடும், சக்கரமும் தண்டவாளமும் விரைவில் தேயும். எந்த வளைவில், எந்த நிழலில் தண்டவாளம் ஈரமாக இருக்கும் என்று அறிந்து தூவ வேண்டும். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய பல மின்சார ரயில்களிலும் மணல் பெட்டி உண்டு. காற்றழுத்தத்தால் குழாய் வழியே சக்கரத்தின் அடியில் பீய்ச்சுகிறார்கள். மனிதக் கை மட்டும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எஞ்சினின் நீர்த்தொட்டிகளில் ஒன்று கொதிகலனின் மேல் குதிரைச் சேணம் போல் கவிந்திருக்கிறது. அந்த நீரின் எடையும் சக்கரங்களின் மேல்தான். ரயில் ஓட ஓட நீரும் நிலக்கரியும் குறையும், அழுத்தும் விசை குறையும், பிடியும் குறையும். பின்னால் வரும் 20 டன் பெட்டிகளின் எடையோ பிடிக்கு ஒரு நியூட்டன்கூடத் தருவதில்லை, சுமையாக மட்டுமே இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் பல பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே பயணிகளின் எடையே பிடியைக் கூட்டுகிறது.

ஏற்றம் இன்னும் கூடினால் மணலாலும் முடியாது. தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் இடங்கள் உண்டு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்து ஏறும்படி செய்துவிட்டார்கள். டார்ஜிலிங்கில் பல் இல்லை. அதற்குப் பதிலாகப் பாதையைச் சுற்றிச் சுற்றி நீட்டி, ஏற்றத்தைக் குறைத்திருக்கிறார்கள். வழியில் 1919இல் கட்டப்பட்ட பதாசியா வளையத்தில் ரயில் ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாதையின் மேலேயே கடந்து போவதைப் பார்ப்பீர்கள். மலையின் கீழ்ப்பகுதியில் ‘இசட்’ எழுத்துபோல் முன்னே போய், பின்னே வந்து, மீண்டும் முன்னே போய் ஏறும் இடங்களும் ஆறு உள்ளன.

வீட்டில் செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் எஃகு அடிக்கோல் ஒன்றும் ஒரு நாணயமும் போதும். அடிக்கோலின் ஒரு முனைக்கருகில் நாணயத்தை வைத்து அந்த முனையை மெதுவாக உயர்த்துங்கள். நாணயம் நழுவத் தொடங்கும்போது நிறுத்தி, முனையின் உயரத்தையும் அதற்கு நேர்கீழிருந்து மறுமுனை வரையுள்ள கிடைத்தூரத்தையும் அளங்கள். உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவது உராய்வுக் குணகம். பிறகு ஒரு சொட்டு சமையல் எண்ணெயைப் பூசி அளங்கள். கடைசியாக அந்த எண்ணெய் மேல் நுண்மணல் தூவி அளங்கள். எண்ணெய்க்குப் பதில் வெறும் நீரைப் பயன்படுத்தினால் நாணயம் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். தவறு செய்துவிட்டோமோ என்று எண்ண வேண்டாம். அது நீரின் பரப்பு இழுவிசையின் வேலை. 15 டன் எஞ்சினுக்கு முன் அந்த விசை ஒன்றுமில்லை, லேசான நாணயத்துக்கு அது பெரிது.

இப்போது நாணயத்தின் இடத்தில் மண்ணையும் பாறையையும் வைத்து, அடிக்கோலின் இடத்தில் மலைச்சரிவை வைத்து எண்ணிப் பாருங்கள். சரிவில் மண் கீழே வராமல் நிற்பதற்கும் பெரும்பாலும் உராய்வுதான் காரணம். துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவற்றுக்குள் பிடி இருக்கும். நாள்கணக்கில் மழை பெய்து துகள்களின் இடைவெளிகள் நீரால் நிரம்பினால், அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளும். அழுத்தும் விசை குறையும், பிடி குறையும். மண்ணின் எடையோ நீரால் கூடியிருக்கும். சரிவு நழுவிவிடும்.

டார்ஜிலிங் பாதையின் உண்மையான எதிரி இதுதான். பாதையின் நடுப்பகுதியில் பாக்லாஜோரா என்று ஓர் இடம் இருக்கிறது. ‘பைத்தியக்கார ஓடை’ என்று பொருள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில் அதன் போக்கைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். 2010இல் அங்கே ஏற்பட்ட பெரும் நிலச்சரிவு தண்டவாளத்தையும் சாலையையும் அடித்துக்கொண்டு போனது. மறு ஆண்டு நிலநடுக்கமும் மழையும் சேர்ந்து இன்னும் சேதம் விளைவித்தன. சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை முழுப்பாதையிலும் ரயில் மீண்டும் ஓட 2015 இறுதியாகிவிட்டது.

சரிவில் மணல் தூவிப் பயனில்லை. அங்கே செய்யக்கூடியது நீரைச் சரிவுக்குள் இறங்கவிடாமல் வெளியேற்றுவதுதான். கும்மிலிருந்து திரும்பும்போது சன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். மலைப்பக்கம் கட்டியிருக்கும் கற்சுவர்களில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். மழை நாளில் அவற்றிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகினால் நல்லது. அந்தத் துளைகள் அடைத்துக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும்.